மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு: அஞ்சும் பிள்ளையை அதட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்டப்புறப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கிரிக்கெட் பழகுவது பிரட்டுக்களத்திலும் (தொழிலாளர்களை வேலைக்குப் பெயர் பதியும் திடலிலும்) லயத்து (வரிசை வீட்டு) வாசலிலும், மென்பந்து எனப்படும் டென்னிஸ் பந்தைக் கொண்டுதான். மென்பந்துப் போட்டிகளில் ஓவருக்கு இரண்டு ஆறு ஓட்டங்களை விளாசிய பையன், பாடசாலை அணிக்குத் தெரிவாகி முதன்முறையாகக் கடினப்பந்தை எதிர்கொள்ளும்போது விக்கெட்டை விட்டு ஒதுங்குவதையும், இரண்டொரு மாதத்தில் ஏதோவொரு சாக்குச் சொல்லி அணியை விட்டே நின்றுவிடுவதையும் உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் ஆண்டுதோறும் காண்கிறேன். பந்து மேலில் பட்டுவிடுமோ என்ற அந்தப் பயத்தை நம்மவர்கள் கையாளும் விதம் குறித்துச் சில கருத்துகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பயிற்றுநர்கள், பெற்றோர், பழைய மாணவர் சங்கத்தினர் ஆகியோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

டென்னிஸ் பந்தொன்றின் எடை ஏறத்தாழ 58 கிராம். தக்கையில் நூலை இறுகச் சுற்றித் தோல் வைத்துத் தைத்த கடினப்பந்து 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ளது. முன்னது தொடையில் பட்டால் சற்று நேரம் சுரீர் என்றிருக்கும். பின்னது விரலெலும்பை முறித்துவிடவும் கூடும். மார்கழி, தைக் குளிரில் விரல்கள் விறைத்துக் கிடக்கும் காலை வேளையில், துடுப்பின் அடிநுனியில் பந்து பட்டாலே முழங்கை வரை அதிர்கிறது. இதற்குச் சிறிதும் அஞ்சாத பிள்ளையைக் கண்டால்தான் நான் கவலைப்படுவேன்.

அண்மையில் எமது பிரதேசத்தில் நடைபெற்ற 13 வயதுக்குட்பட்டோருக்கான போட்டியொன்றில், ஒதுங்கி ஆடிய ஒரு சிறுவனைப் பார்த்து அவனுடைய பயிற்றுநர் எல்லைக்கோட்டருகே நின்றபடி, "டேய், பொம்பளப் புள்ள மாதிரி ஏன்டா ஓடுற?" என்று எல்லோரும் கேட்கக் கத்தினார். (அதே பாடசாலையின் பெண்கள் அணியினரும் அங்கே அமர்ந்திருந்தனர், அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.) அடுத்த பந்துக்குச் சிறுவன் காலை அசைக்கவில்லை. ஆனால், பந்துவீச்சாளரின் கையை விட்டுப் பந்து வெளியேறியதும் முகத்தைத் தோளுக்குள் திருப்பிக் கண்களை இறுக மூடிக்கொண்டான். பந்து விலாவில் பட்டது. அதட்டலால் விளைந்த பயன் இவ்வளவே: முன்பு பந்தைப் பார்த்தபடி ஒதுங்கியவன், இப்போது பந்தைப் பாராமல் அடிவாங்கினான். பிள்ளை பின்வாங்காதிருக்கக் குதிகாலுக்குப் பின்னால் செங்கல்லை வைத்துப் பயிற்சி கொடுப்போரையும் பார்த்திருக்கிறேன். உடலை நோக்கி வரும் பந்துக்கு விலகவும் இடமின்றி, கல் தடுக்கி விழவும் வழிவகுக்கும் இந்த முறையை எந்தப் பாடசாலையிலும் அனுமதிக்கலாகாது.

முதலில், ஒதுங்குவதெல்லாம் பயந்தானா என்பதைப் பயிற்றுநர் பிரித்தறிய வேண்டும். சீமெந்துத் தரையில் டென்னிஸ் பந்து நெஞ்சளவுக்கு எழும்பும். அதை ஓங்கி அடிக்கக் கைக்கு இடம் வேண்டும் என்பதால், மென்பந்து ஆடுபவன் தானாகவே ஓரடி லெக் பக்கம் (விக்கெட்டை விட்டு விலகி, தன் முதுகுப்புறமாக) நகர்ந்து நிற்கப் பழகியிருப்பான். அங்கே அது ஓட்டங்களைத் தேடித்தந்த உத்தி. கடினப்பந்திலும் அவன் அதையே செய்யும்போது நாம் கோழை என்கிறோம். வேறுபாடு கால்களில் தெரியாது. தலையைப் பார்க்க வேண்டும். நகர்ந்தாலும் தலை நிமிர்ந்து, கண்கள் பந்தின் மேலேயே இருந்தால் அது பழக்கம்; ஆடுகளத்தில் சுண்ணாம்புக் கோடொன்றைக் கீறி, ஒவ்வொரு பந்துக்குப் பின்னரும் தன் சப்பாத்தின் தடத்தை அவனையே பார்க்கச் செய்தால் சில வாரங்களில் திருந்திவிடும். கால் அசையாமல் முகம் மட்டும் திரும்பினாலோ, பந்து வருமுன்னரே தோள்கள் விறைத்துத் துடுப்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போனாலோ, அதுதான் பயம். இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதனால்தான் நல்ல பிள்ளைகள் பலரை இழக்கிறோம்.

பயத்தைப் போக்க எனக்குத் தெரிந்த வழி, பந்தைப் படிப்படியாகக் கடினமாக்குவதுதான். பெரும்பாலான பாடசாலைகளில் டென்னிஸ் பந்தோடு வந்த பிள்ளைக்கு மறுநாளே புதிய தோல்பந்து வீசப்படுகிறது. அதற்குப் பதிலாக, முதலில் டென்னிஸ் பந்தையே கையைத் தாழ்த்தி மெதுவாக அவன் உடலை நோக்கி எறிய வேண்டும். எறியப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும். எல்லே என்ற நம் நாட்டுப் பந்தடி விளையாட்டை ஆடிய பிள்ளைகள் ஓடும்போது பந்தால் அடிபட்டு ஆட்டமிழந்து பழகியவர்கள் என்பதால் இந்தக் கட்டத்தைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவர். அடுத்து நாடா சுற்றிய டென்னிஸ் பந்து, அதன்பின் மேற்பரப்பு மென்மையான பயிற்சிப் பந்து, அதற்கப்பால் சிறுவர்க்கான தோல்பந்து. கிரிக்கெட் விதிகளின்படி 13 வயதுக்குட்பட்டோருக்கான பந்து 133 முதல் 144 கிராம் வரையானது, அளவிலும் சிறியது. பெரியவர்களின் பந்தைக் கொண்டு பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் நாளைப் பிள்ளையே சொல்லட்டும். "இன்றைக்கு அந்தப் பந்து போடுங்க சேர்" என்று அவனே கேட்கும்வரை காத்திருந்தால் சில நாட்கள் செலவாகும், அந்நாட்கள் வீணாவதில்லை.

கண்ணுக்குத் தனிப் பயிற்சி தேவை. பாதுகாப்புக் கவசங்கள் அனைத்தையும் அணிவித்து, துடுப்பை அடிக்க ஓங்காமல் பிடித்தபடி நிற்கவைத்து, உடலுக்கு எட்டாமல் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே செல்லும் பந்துகளை மட்டும் எறிந்து, பந்தில் சாயத்தால் எழுதிய எண்ணைச் சத்தமாகச் சொல்லச் செய்யலாம். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து துடுப்பாட்டக்காரரை அடைய முக்கால் செக்கன் அளவே எடுக்கும். அந்த நேரம் முழுவதும் பந்தைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு, வரும் பந்துகளில் மிகச் சிலவே தன் உடலை நோக்கியவை என்பது தானாகவே விளங்கிவிடும். வாயால் நூறு முறை சொல்லியும் புரியவைக்க முடியாததை இந்தப் பயிற்சி புரியவைக்கிறது.

அடுத்தது, அடிவாங்கவும் விலகவும் கற்பிப்பது. இதைச் சொன்னால் சில பயிற்றுநர்கள் என்னை விநோதமாகப் பார்க்கின்றனர். பேஸ்போலைப் போன்ற சொஃப்ட்போல் விளையாட்டில் இது ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. அந்தப் பந்து கிரிக்கெட் பந்தை விடப் பெரியது, கனமானது, நிலத்தில் படாமல் நேரே வருவது. அது உடலுக்கு வரும்போது முன்புறத்தை உள்ளே திருப்பி, தாடையை நெஞ்சோடு ஒடுக்கி, அடியை முதுகில் வாங்கும்படி சிறுமியருக்குப் பழக்குவர். அவ்வாறு அடிபட்டவருக்கு, ஓடி அடைய வேண்டிய முதலாம் தளம் இலவசமாகக் கிடைப்பதும் உண்டு. கிரிக்கெட்டில் பந்து எழும்பித் திசை மாறுவதால் இந்த முறை அப்படியே பொருந்தாது. இங்கே பந்திலிருந்து கண்ணை எடுப்பதுதான் ஆபத்து. கைகளைத் தாழ்த்தி, பந்தைப் பார்த்தபடியே சாய்ந்தோ குனிந்தோ விட்டுவிடும் பழக்கத்தை, டென்னிஸ் பந்தைக் கொண்டு வேண்டியமட்டும் பயிற்றலாம். 2014 நவம்பரில் அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் தலைக்கவசம் மறைக்காத கழுத்துப் பகுதியில் பந்து பட்டு உயிரிழந்த பின்னர், கழுத்துக்கும் காப்பு அணியும் வழக்கம் பரவியது என்பதை இங்கு நினைவூட்டுவது பொருந்தும்.

"அந்தக் காலத்து வீரர்கள் பயந்தார்களா?" என்று கேட்போர் உண்டு. 1975 உலகக் கிண்ணத்தில் லண்டன் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தொம்சனின் பந்து தலையில் பட்டு இலங்கை வீரர் துலீப் மென்டிஸும், காலில் பட்டு சுனில் வெத்தமுனியும் வைத்தியசாலைக்குச் சென்றனர். அதே மென்டிஸ் 1982 இல் சென்னை டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் தலா 105 ஓட்டங்களைக் குவித்தார். 2019 பெப்ரவரியில் கன்பராவில் கழுத்தின் பின்புறத்தில் அடிபட்டுத் தூக்குப்படுக்கையில் கொண்டுசெல்லப்பட்ட இலங்கை வீரர் திமுத் கருணாரத்ன, மறுநாள் வந்து துடுப்பெடுத்தாடியதோடு, அதே மாதத்தில் தென்னாபிரிக்க மண்ணில் தொடர் வெற்றிக்கும் தலைமை தாங்கினார். இவர்கள் வைத்தியரின் சொற்கேட்டுத் திரும்பியவர்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை "ஒன்றுமில்லை, ஆடு" என்று அன்றே திரும்ப அனுப்ப இக்கதைகளை எவரும் உதாரணம் காட்டலாகாது. சர்வதேசப் போட்டிகளிலேயே 2019 ஆகஸ்ட் முதல், தலையில் அடிபட்டு மூளை அதிர்வுக்கு உள்ளானவருக்கு மாற்று வீரரை இறக்க அனுமதியுண்டு. நமது பாடசாலைப் போட்டியில் ஒரு பிள்ளை வாந்தியெடுத்தாலோ, தூக்கக் கலக்கம் கொண்டாலோ, வைத்தியசாலை எவ்வளவு தொலைவிலிருந்தாலும் உடனே கொண்டுசெல்வதே முறை.

இறுதியாகக் கவசங்கள். அணி முழுவதற்கும் ஒரே உபகரணப் பை, அதற்குள் பெரியவர்களுக்குச் செய்த இரண்டு தலைக்கவசங்கள் என்பதே பல பாடசாலைகளின் நிலை. சிறுவன் குனிந்ததும் கவசம் கண்ணுக்கு இறங்குகிறது. உள்ளே துவாய்த் துண்டை மடித்து வைத்துச் சமாளிக்கிறார்கள். விளிம்புக்கும் முகக்கம்பிக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே சிறுவர்க்கான பந்து புகுந்துவிடக்கூடும் என்பதால்தான், தலைக்கவசத்துக்கான 2013 ஆம் ஆண்டின் பிரித்தானியத் தரநிர்ணயத்தில் அந்தப் பந்தைக் கொண்டும் தனியாகச் சோதிக்கின்றனர். பொருந்தாத கவசத்தை அணிந்த பிள்ளை அஞ்சுவது நியாயமே. பெண் பிள்ளைகளுக்கு நெஞ்சுக்கவசம் என்ற ஒன்று உண்டென்பதே பல பாடசாலைகளில் அறியப்படவில்லை. மலையகம் என்றதும் முத்தையா முரளிதரனின் பெயரைச் சொல்லி மேடைகளில் கைதட்டல் வாங்குகிறோம். துடுப்பெடுத்து நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பெயர் தலைக்கவசமாகிவிடாது.

பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் தோட்டந்தோறும் நடைபெறும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் ஆளுயரக் கிண்ணங்களை வழங்கும் அன்பர்களும், பழைய மாணவர் சங்கத்தினரும், கிண்ணத்தின் உயரத்தைச் சற்றுக் குறைத்து, அருகிலுள்ள பாடசாலைக்குச் சிறுவர் அளவிலான தலைக்கவசங்கள் இரண்டையும் 13 வயதுக்குட்பட்டோருக்கான பந்துகள் சிலவற்றையும் வாங்கிக்கொடுக்க முன்வருவார்களாயின் பேருதவியாக இருக்கும். வாங்குமுன் அப்பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியரிடம் பிள்ளைகளின் தலைச்சுற்றளவைக் கேட்டுக்கொள்ளும்படியும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.