28 நாளில் முடியாத சோதனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டமைப்புப் பொறியியல் ஆய்வுக்கு வரும் பலர், சிமெண்டைக் குறைத்து நிலக்கரிச் சாம்பல் சேர்த்த கான்கிரீட்டைத் தலைப்பாக எடுக்கிறார்கள். நல்ல தலைப்புதான். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. ஆனால் 150 மி.மீ. கனசதுரத்தை 28ஆம் நாள் உடைத்துவிட்டு, 'வலிமை குறைவு' என்று முடிவு எழுதிவிடுகிறார்கள். சிமெண்ட் நீருடன் சேரும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சாம்பல் மெதுவாகத்தான் வினைபுரியும். 56, 90 நாள் முடிவுகளும் வேண்டும். க்யூரிங் (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது) பாதியில் நின்று கலவை உலர்ந்தால் வினையும் படுத்துவிடும்.

வலிமையைவிட நீடித்துழைப்பே பெரிய கேள்வி. அதே வினை நுண்துளைகளைச் சுருக்கிக் துருவை உண்டாக்கும் குளோரைடு உள்ளிருக்கும் எஃகுக் கம்பியை எட்டுவதைத் தாமதப்படுத்தும். மறுபுறம், கான்கிரீட்டின் காரக் கையிருப்பைக் குறைத்துக் கார்பனேற்றத்தை (காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்து காரத்தன்மையைப் போக்குவதை) வேகப்படுத்தவும் கூடும். இதைப் பார்க்கப் புதிதாகப் பிளந்த முகத்தில் காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும்: உள்ளே இளஞ்சிவப்பு, நிறமேறாத ஓரம் கார்பனேற்றம் அடைந்த ஆழம். ரம்பத்தால் அறுத்த முகம் வேண்டாம். அறுத்த தூள் படிந்து அளவைக் கெடுக்கும்.

இயற்கைச் சூழலில் இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான், அதாவது போகப் போக மெதுவாக, வளரும்; அளக்க நீண்ட காலம் வேண்டும். எனவே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள் மாதிரிகளை வார்த்துவிட வேண்டும். நெறியாளர்களும் இலக்கிய ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்க வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியியல் ஆய்வாளர்கள் சிலர்