பாண்டி பொய் சொல்லவில்லை

மக்கா செல்வம்,

நாலு மாதமாக எழுதாதது என் தப்புதான், திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம், சின்னவள் பத்தாவது போகிறாள். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடு. சரி, இந்தக் கடிதம் பாண்டிக்காக.

போன மாதம் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அவனைப் பார்த்தேன். காலை அகட்டி அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருகிறானே என்ற ஆத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது, ஏனென்றால் மூன்று நாளாக அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லையாம், சோறும் இறங்கவில்லையாம், ஒரே வாந்தியாம். பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், அதற்கப்புறம்தான் ஆளே குழம்பிப்போனான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் முகத்துக்கு நேரே விரலை நீட்டிப் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். கருவிழி விரலோடு போகாமல் நின்ற இடத்திலேயே துடித்தது. பார்த்தவுடன் வைட்டமின் பி1 ஊசி போடச் சொல்லிவிட்டார்கள். 1881இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் டாக்டர் எழுதிவைத்த நோயாம் இது. தயமின், அதாவது பி1, நம் உடம்பில் 30 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருப்பு இருக்குமாம், சாப்பாடு சரியில்லை என்றால் சில வாரத்தில் தீர்ந்துவிடும். சாராயம் அதைக் குடலில் ஏறவும் விடாது, ஈரலில் தங்கவும் விடாது, குடிக்கிறவன் ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை. சர்க்கரையை எரித்துத்தான் மூளை ஓடுகிறது, அதற்கு பி1 வேண்டும். இருப்பே இல்லாதவனுக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சம் மீதியும் அதிலேயே செலவாகிவிடும். முதலில் அந்த ஊசி, அப்புறம் குளுக்கோஸ். இதைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீயும் சொல்.

மூன்றாம் நாள் கண் சரியாகிவிட்டது. ஞாபகம்தான் திரும்பவில்லை. 2005 வெள்ளத்தில் சயானிலிருந்து உன்னை இடுப்பளவுத் தண்ணீரில் இழுத்து வந்ததை ஒன்று விடாமல் சொல்கிறான். காலையில் தின்ற இட்லி தெரியவில்லை. "என்னடா தின்றாய்?" என்றால், "செல்வத்தோட கடையில பரோட்டா" என்கிறான், சால்னா காரம் என்று வேறு சொல்கிறான். நீ ஊருக்குப் போய் பதினோரு வருஷம் ஆகிறது! இதற்கு கோர்சகாஃப் என்ற ரஷ்ய டாக்டரின் பேராம். ஓட்டை விழுந்த இடத்தை மூளை தானாகவே எதையாவது வைத்து அடைக்கிறது, அவனுக்கு அது நடந்ததுதான், ஏமாற்றும் எண்ணமே கிடையாது.

போன தீபாவளிக்கு உன் பணத்தை அனுப்பிவிட்டேன் என்று அவன் அடித்துச் சொன்னதும், நீ புளுகன் என்று போனை வைத்ததும், நான் உன் பக்கம் பேசியதும் ராத்திரியெல்லாம் மனதில் ஓடுகிறது மக்கா. அப்போதே தொடங்கிவிட்டதோ என்னவோ.

குடியை அறவே விட்டு, நன்றாகச் சாப்பிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம், முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஒரு நடை வந்துவிட்டுப் போ. புழுங்கலரிசி பத்துக் கிலோ கொண்டு வா, தீட்டிய பச்சரிசியைவிட அதில்தான் பி1 நிற்குமாம். அவன் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசாதே. டிக்கெட் எடுத்ததும் சொல், தாதரில் வந்து நிற்கிறேன்.

உன்
முத்து