செட்டிபாளையத்துக்கு ஒரு பையனை அனுப்புகிறேன்

காக்ஸ் டவுன், பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

நலம். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. மாலையில் அல்சூர் ஏரி வரை நடந்துவிட்டு வருகிறார். உன் மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்று பாலு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதை நீயல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அந்தக் கோபத்தை நேரில் பார்க்கும்போது தீர்த்துக்கொள்கிறேன். பட்டறைக்குப் புது லேத் வந்துவிட்டதா, பக்கத்து இடத்துக்காரர் சுவர் விவகாரத்தை விட்டாரா, எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

இப்போது எழுதுவது வேறொரு காரணத்துக்காக. நம் கூட்டத்தில் வேறு யாரிடம் சொன்னாலும் "காரை விற்கச் சொல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நீதான் முழுவதும் கேட்பாய்.

அக்கா மகன் பிரவீனைப் பற்றித்தான். உன் பட்டறையில் இரும்புச் சுருள்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டு அக்காவிடம் அடி வாங்கினானே, அவனேதான். இப்போது ஒயிட்பீல்டில் வேலை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறான். சென்ற ஆண்டு ஒரு பழைய போக்ஸ்வாகன் போலோ கார் வாங்கினான். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், ஏழு கியர் கொண்ட தானியங்கிப் பெட்டி. இந்தியாவில் போலோ உற்பத்தி 2022-இல் நின்றதிலிருந்து, நன்றாக வைத்திருந்த வண்டி ஒன்று தெருவுக்கு வந்தால் போதும், தேர் வந்துவிட்டதைப் போல இந்த ஊர்ப் பையன்கள் கூடிவிடுகிறார்கள்.

வாங்கிய கையோடு வேலையை ஆரம்பித்தான். முதலில் ரீமேப். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில் மென்பொருளை மாற்றி, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, எரிபொருளின் அளவையும் தீப்பொறி விழும் நேரத்தையும் அதற்கேற்பத் திருத்துவது. தொழிற்சாலையிலிருந்து 105 குதிரைத்திறனோடு வந்த வண்டி இப்போது 140-ஐத் தொடுகிறது என்கிறான். அடுத்து காற்று வடிகட்டி, அடுத்து சைலன்சர், அடுத்து வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள். ஜே.சி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி அலாய் சக்கரங்கள். எல்லாம் அவன் சம்பாத்தியம். அக்காவிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வெல்டிங் ஒவ்வொன்றும் நீ தடவிப் பார்த்துத் தலையாட்டும்படி இருந்தது. அந்த கியர் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்குத்தான் வடிவமைக்கப்பட்டது என்பதும், அதற்கு மேல் போனால் கிளட்ச் தாங்காது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டியில் கை வைக்கவே கூடாது என்பவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதே. ஓர் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்து, அது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேட்கிற பையனை எனக்குப் பிடிக்கும். இவனை மிகவும் பிடிக்கும்.

ஆனால் பிரேக் திரவத்தை எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். பதில் இல்லை. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. திரவம் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதித்த கால் தரை வரை போகும், வண்டி நிற்காது. சின்னச் செலவு அல்லவா இது? என்ஜினுக்கும் சத்தத்துக்கும் அவ்வளவு செலவழித்தவன் பிரேக் பக்கம் திரும்பவே இல்லை. அவன் நண்பர்களின் வண்டிகளையும் பார்த்துவிட்டேன். அநேகமாக எல்லாவற்றிலும் இதே கதை. வேகத்தைக் கூட்டும் பொருள் முதலில், வெளியே கேட்கும் பொருள் அடுத்து, கண்ணுக்குத் தெரியும் பொருள் அதற்கடுத்து. நிறுத்தும் பொருளுக்கு வரும்போது பணம் தீர்ந்துவிடுகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்பு அவனோடு கிளம்பினேன். பாகேபள்ளி வரை போய், இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது திட்டம். ஹெப்பாள் தாண்டி விமான நிலையச் சாலையில் அவன் 80-க்கு மேல் போகவில்லை. கேமரா இருக்கிறது என்பதால் மட்டும் அப்படி ஓட்டியதாகச் சொல்ல மாட்டேன். கண்ணாடி பார்த்தான், விளக்குப் போட்டுத்தான் தடம் மாறினான், லாரிக்குப் பின்னால் போதிய இடம் விட்டான். இவன் அப்பாவுக்கே இவ்வளவு பக்குவம் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

சுங்கச் சாவடிக்கு அப்பால் நண்பர்கள் காத்திருந்தார்கள். ஒரு ஆக்டேவியா, ஒரு ஸ்விப்ட், நம் காலத்து விடெக் ஹோண்டா சிட்டி ஒன்று. ஆக்டேவியாவின் பின்சீட்டில் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே கைபேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு வந்தான். சேகர், அந்தக் கணத்திலிருந்து ஓட்டியது வேறு ஆள். கால் மாறியது, கை மாறியது, பேச்சு நின்றது. இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் 60-இல் சேர்ந்து போகும், ஒருவன் மூன்று முறை ஹாரன் அடிப்பான், இரண்டும் பாயும். மற்றவர்கள் பின்னால் வரிசை கலையாமல் ஒட்டிக்கொண்டு வருவார்கள், ஏனென்றால் இடைவெளி விட்டால் படத்தில் நன்றாக விழாது. இடது தடத்தில் புகுந்து லாரியைத் தாண்டுவதும், முன்னால் போகிறவர் விலகும் வரை பிரகாச விளக்கை அடித்துக்கொண்டே முதுகில் போய் நிற்பதும் அவர்களுக்குச் சாதாரணம்.

சிக்கபள்ளாபூருக்கு அப்புறம், நடுத் தடுப்பில் விட்டிருந்த இடைவெளி வழியாக ஒரு பெரியவர் எக்ஸ்எல்லில் பால் கேன்களோடு திரும்பினார். இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அவர் பார்த்தபோது வண்டிகள் தொலைவில் இருந்தன. 130-இல் வரும் வண்டி ஒரு நொடிக்கு 36 மீட்டர் வந்துவிடும் என்று அவர் எப்படிக் கணக்குப் போடுவார்? அந்தச் சாலையில் வாழ்நாளெல்லாம் பழகிய வேகத்தை வைத்து நேரம் இருக்கிறது என்று நினைத்தார். முன்னால் போன ஸ்விப்ட் கடைசி நேரத்தில் வெட்டி விலகியது. பிரவீன் மிதித்தான், நான் கையை டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டேன். நின்றுவிட்டோம். 80-இல் போகும் வண்டியைவிட 130-இல் போகும் வண்டியில் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். நின்றது அந்தப் பழைய திரவம் அன்றைக்குக் காட்டிய இரக்கம். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். இட்லிக் கடையில் அந்த ஸ்விப்ட்காரனிடம் எல்லோரும் கேட்டது "படம் வந்திருக்கிறதா?" என்பதுதான்.

அந்தக் கேள்விதான் இன்னும் என்னை அறுக்கிறது. அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்ல. ஒருவன் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான், இன்னொருவன் காபி வாங்கிவந்தான். ஆனால் அவர்கள் கண்ணில் அந்தச் சாலையில் இருந்தவர்கள் அவர்கள் கூட்டம் மட்டும்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதிவேகம் மட்டும் நூற்றுக்கு எழுபது சாவுகளுக்கு மேல் காரணமாக இருந்திருக்கிறது. அந்த வேகத்தில் ஓட்டியவர்கள் எல்லோரும் ரீமேப் செய்தவர்கள் இல்லை, தெரியும். லாரியும் வாடகைக் காரும் எத்தனையோ. என்றாலும் எக்ஸ்எல்லில் போன அந்தப் பெரியவர் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்தவர் இல்லை.

சட்டத்தைச் சொல்லிப் பார்த்தேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதற்குத் தனிப் பிரிவே உண்டு. பிரவீன் பொறுமையாகக் கேட்டான். அபராதத்தை இவர்கள் பெட்ரோல் செலவோடு ஒரு வரியாகச் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். காப்பீட்டைச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தான்: செய்த மாற்றங்களைத் தெரிவிக்காமல் விட்டால், நாளைக்கு வண்டி நொறுங்கும்போது இழப்பீட்டை மறுக்க முடியும். அதுவும் பணக் கவலைதான்.

ஊருக்குள் இவர்கள் படுத்தும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தாழ்த்திய வண்டி வேகத்தடையில் நேராக ஏறினால் அடி தட்டும். ஆகவே தெருவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு குறுக்காக ஏற்றுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், குழந்தையோடு ஸ்கூட்டர் ஓட்டிவரும் அம்மா என்ன செய்வாள்? அவளுக்குப் போக இடமே இல்லை. பள்ளத்தைக் கண்டால் சொல்லாமல் கொள்ளாமல் ஒதுங்குகிறார்கள். பெங்களூரில் பள்ளத்துக்கா பஞ்சம்? இரவில் வெடிச் சத்தம் வேறு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எரிபொருள் போகும்படியும், தீப்பொறி தாமதமாக விழும்படியும் மென்பொருளில் எழுதி, அதைப் புகைக்குழாய்க்குள் எரிய விடுகிறார்கள். புகையைச் சுத்தப்படுத்தும் 'வினையூக்கி மாற்றி' என்ற பாகம் அந்தச் சூட்டில் கெட்டுப்போகிறது; சிலர் அதைக் கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியைக் கொண்டுவந்து நாடே செலவழித்துக் கட்டியதை ஒரு பட்டாசுச் சத்தத்துக்காகப் பிடுங்கிப் போடலாமா?

இங்கேதான் ஒன்று நடந்தது. கீழ்வீட்டுப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. ஒரு நாள் காலை அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள். "தம்பி, ராத்திரி நீங்கள் வரும்போது இவள் தூக்கிப்போட்டு எழுந்துவிடுகிறாள், அப்புறம் நான் தூங்குவதில்லை" என்றாள். அவ்வளவுதான். அந்த வாரமே பழைய சைலன்சர் திரும்பி வந்துவிட்டது, மென்பொருளில் வெடியும் போயிற்று. நானும் சட்டமும் சேர்ந்து செய்ய முடியாததை அவள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள். முகம் தெரிந்தவர்களுக்காக இவன் எதையும் செய்வான். நண்பர்களுக்காக 130-இல் போவதும் அதே குணம்தானே! பால்காரப் பெரியவர் மாடிப்படி ஏறி வந்து சொல்லப்போவதில்லை.

இந்த இடத்தில் எனக்கு உன் நினைவு வந்தது. உன் அப்பாவின் பத்மினி காரில் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினாயே. பின்சீட்டில் நாங்கள் மூன்று பேரும் "முந்து, முந்து" என்று கத்தினோம். சந்திரன் உன் சட்டைக் காலரையே பிடித்து இழுத்தான். நீ ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தாய், எதிரே பஸ் தெரிந்தால் ஓரம் கட்டினாய், எங்கள் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயம் பார்க்கப் போகும்போதெல்லாம் கடைசிச் சுற்று வரை வேலியை விட்டு நகராதவன் நீ. நம்மில் வேகத்தை உன்னைவிட அதிகம் நேசித்தவன் கிடையாது. அப்படிப்பட்டவன் மலையில் எங்கள் கூச்சலுக்கு ஒரு முறைகூட மசியவில்லை. அது எப்படி உனக்கு வந்தது என்று நான் கேட்டதே இல்லை. அதைத்தான் இவனுக்கு நீ சொல்ல வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பிரவீனை உன்னிடம் அனுப்புகிறேன், ஒரு வாரத்துக்கு. வண்டி இங்கேயே இருக்கும். உதய் எக்ஸ்பிரஸில் வருவான், இரவு ஒன்பது மணி வாக்கில் கோவை வந்து சேரும். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் உனக்கு ஆட்கள் பழக்கம். அவனை அங்கே அழைத்துப் போ. பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க ஓட்டட்டும். தலைக்கவசம், எல்லா வண்டியும் ஒரே திசை, குறுக்கே வர யாரும் இல்லை, கொடி காட்டினால் நிறுத்தியே ஆக வேண்டும். 2 கிலோமீட்டர் சொச்சம் உள்ள அந்தச் சுற்றில் நாலைந்து முறை வேகமாக ஓட்டிப் பிரேக் சூடாகி மிதி இறங்கும்போது காலுக்கே எல்லாம் புரியும். எவ்வளவு கற்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால் நெடுஞ்சாலையில் காட்டும் வித்தையில் அவனுக்கே ஆசை விட்டுப்போகும் என்று நம்புகிறேன். கோயம்புத்தூரிலிருந்து போன நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா 1 வரை போனதை அவன் மனப்பாடமாகச் சொல்வான். அங்கே போய்ச் சேருவதற்கு முன் அவர் எத்தனை சுற்றுகளை மூடிய தடத்தில் ஓட்டியிருப்பார் என்பதையும் நீ எடுத்துச் சொல்.

பந்தயத் தடம் பசியைத்தான் கிளப்பும் என்று நீ சொல்வாய், தெரியும். கிளம்பட்டும். அந்தப் பசிக்குச் சோறு போடும் இடத்தை அவன் ஒரு முறை பார்க்கட்டும். எனக்கு அவனுடைய ஆசை அணைய வேண்டாம், சேகர். பாகேபள்ளி சாலையில் பால் கேன்களோடு திரும்புகிறவர் வீடு போய்ச் சேர வேண்டும். இவனும் எங்கள் மாடி ஏறி வர வேண்டும்.

பட்டறையில் இரண்டு நாள் நிற்க வை. பிரேக் டிரம் ஒன்றைக் கையில் கொடுத்துக் கடைய விடு. அக்காவிடம் பந்தயத் தடத்தைப் பற்றி மூச்சு விடாதே. மருதமலை பார்க்கப் போகிறான் என்று சொல்லியிருக்கிறேன், ஆகவே மருதமலைக்கும் ஒரு நாள் கூட்டிப் போய்விடு. சாப்பாட்டில் பையனுக்குக் கத்தரிக்காய் ஆகாது.

உனக்கு எந்த வாரம் வசதி என்று உடனே எழுது. அவன் விடுப்புக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், ரயிலில் இடமும் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
முரளி