மாநாட்டுக்குக் கிளம்பும் முன்பே ஒரு நன்றி

அன்புள்ள கிளப் நண்பர்களுக்கும் எங்கள் வீட்டாருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை கிளம்புகிறேன். சனி, ஞாயிறு, மேடைப் பேச்சுப் பழகும் நம் டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் மாவட்ட மாநாடு (இங்கே மாவட்டம் என்பது பல ஊர்க் கிளப்புகள் சேர்ந்த ஒரு பிரிவு). கிளப், ஏரியா, டிவிஷன் என்று ஒவ்வொரு படியாகத் தாண்டி வந்த என் பேச்சு, அங்கே மாவட்டப் போட்டியில் மேடையேறுகிறது. ரிசல்ட் தெரிவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் நான் நன்றி சொல்ல நினைப்பது கோப்பைக்காக இல்லை, இத்தனை நாள் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்டீர்களே, அதற்காக.

முதல் நன்றி, நாங்கள் சார் என்று கூப்பிடும் எங்கள் மூத்த உறுப்பினருக்கு. பேச்சை முதல் தடவை பேசிக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள், சார் மட்டும் நோட்டைப் பார்த்துக்கொண்டே "டிக்கெட் எப்பம்மா வரும்?" என்று கேட்டார். என் பேச்சு அப்பாவைப் பற்றியது. மதுரை - தேனி ரூட்டில் கண்டக்டராக இருந்தவர், சில்லறை இல்லாத நேரத்தில் பாக்கியை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார், இறங்குவதற்குள் தேடிப் போய்க் கொடுத்தும் விடுவார். அந்த டிக்கெட்டுக்கு வந்து சேர்வதற்கே நான் இரண்டு நிமிடம் பஸ் ஸ்டாண்டையும் கூட்டத்தையும் வர்ணித்துக்கொண்டிருந்தேன். சார் அதை எடுக்கச் சொன்னார். எடுத்தபிறகுதான் பேச்சு எழுந்து நின்றது. நன்றாக இருக்கிறது என்று சொல்வது அன்பு, எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று விரல் வைத்துச் சொல்வது அதைவிடப் பெரிய அன்பு என்று நான் மனதார நம்புகிறேன். நம் கிளப்பில் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மதிப்பீட்டாளர் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் பேசுகிறாரே, அந்த ஏற்பாடு எவ்வளவு அருமையானது என்று இந்தத் தயாரிப்பில் நன்றாகப் புரிந்தது.

அடுத்தது, பேச்சு நேரத்தைக் கணக்கிட்டு வண்ண அட்டை காட்டும் டைமர் வேலையை விடாமல் செய்த தம்பிக்கு. வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், இந்தப் போட்டியில் பேச்சு 5 முதல் 7 நிமிடம். 5இல் பச்சை, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு. நாலரை நிமிடத்துக்குக் குறைந்தாலும் ஏழரை நிமிடத்தைத் தாண்டினாலும் எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும் தகுதி போய்விடும். தம்பி வெறுமனே அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகவில்லை. பத்துப் பேர் முன்னால் பேசும்போது யாரும் சிரிக்காத இடத்தில், நிறைந்த அரங்கம் சிரித்தால் நான் நிறுத்திக் காத்திருக்க வேண்டும், அந்த நொடிகளும் என் கணக்கில்தான் ஏறும், அதனால் பயிற்சியில் ஆறரைக்குள் முடித்துவிடுங்கள் அக்கா என்று சொன்னது அவர்தான். தேவையில்லாத "ஆ", "ஸோ" எல்லாவற்றையும் எண்ணும் ஆ-கவுண்டராக இருந்து என்னுடைய ஒவ்வொரு "ஸோ"வையும் எண்ணிச் சொன்ன தங்கைக்கும் நன்றி.

பக்கத்துக் கிளப்புகள் இரண்டும் தங்கள் கூட்டத்தில் எனக்கு இடம் கொடுத்தார்கள். முன்பின் பழக்கமில்லாத முகங்கள் முன்னால் பேசிப் பார்ப்பது தனி அனுபவம், தெரிந்தவர்கள் நம் கதையைப் பாதி தாங்களே நிரப்பிக்கொள்வார்கள், இவர்களுக்கு ஒவ்வொன்றையும் நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கே ஒரு அக்கா, தயங்கி நின்ற என்னிடம் ஹெலன் பிளான்சார்டின் கதையைச் சொன்னார். 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய இந்த அமைப்பில் அதிகாரபூர்வமாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1973இல்தான். அதற்கு முன்பே, 1970இல், ஹோமர் என்ற ஆண் பெயரில் உறுப்பினராகச் சேர்ந்தவர் ஹெலன். 1985இல் அதே அமைப்புக்கு முதல் பெண் சர்வதேசத் தலைவராகவும் ஆனார். அக்கா, அந்தக் கதையை மாநாட்டு மேடைக்குப் போகும்போது நிச்சயம் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் அப்பா. பேச்சு அவரைப் பற்றியது என்பதில் அவருக்குக் கூச்சம், ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், தப்பாக எழுதிய இடத்தில் விடவே இல்லை. "ஸ்டேஜ் வந்தா முதல்ல இன்வாய்ஸை முடிக்கணும், அதுக்கப்புறம்தான் சில்லறைக் கதை" என்று திருத்தினார் (இன்வாய்ஸ் என்பது விற்ற டிக்கெட்டுகளின் கணக்கை எழுதும் தாள்). பேனாவைக் காதில் செருகும் விதத்தைக்கூட நின்று காட்டினார். மேடையில் நான் அந்த ஒரு அசைவைச் செய்யும்போது அவருடைய கைதான் அது. அப்பா, இங்கிலீஷில் பேசப்போகிறேன் என்று வருத்தம் வேண்டாம், உசிலம்பட்டியும் ஆண்டிபட்டியும் அப்படியே உள்ளே இருக்கின்றன.

வீட்டில் அத்தை சாயங்கால வேலையை முழுக்கத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மொட்டை மாடியில் நான் பேசிப் பழக, துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்காவும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார். என் மகள் போனில் ஸ்டாப்வாட்ச்சைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, பரீட்சைக்கு நடுவிலும் கேட்டாள். என் கணவர் என் பேச்சை வீடியோ எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டுக் காட்டினார், கை எங்கே தேவையில்லாமல் ஆடுகிறது என்று அதில்தான் தெரிந்தது. ஆபீஸில் மாதக் கடைசி நெருக்கடியிலும் என் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு பேருக்கும், சொன்ன தேதிக்கு முன்பே பிளவுஸைத் தைத்துக் கொடுத்த டெய்லர் அக்காவுக்கும் நன்றி.

சனிக்கிழமை அரங்கில் இருக்கப்போகிறவர்களுக்கு ஒன்று. ஒரு பேச்சாளர் முடித்தபிறகு நடுவர்கள் மார்க் போட ஒரு நிமிடம் அமைதி இருக்கும், அந்த நேரத்தில் எனக்குக் கை காட்டவோ கூப்பிடவோ வேண்டாம், மற்ற போட்டியாளர்களுக்கும் அந்த அமைதி தேவை. அவர்கள் பேச்சையும் எனக்குக் கேட்ட மாதிரியே முழுசாகக் கேளுங்கள்.

அடுத்த வாரக் கூட்டத்தில் முழுக் கூட்டத்தையும் மதிப்பிடும் பொது மதிப்பீட்டாளர் பொறுப்பு என்னுடையதாக இருந்தது, எனக்குப் பதிலாக அதை ஏற்றுக்கொண்ட நண்பருக்கு அஜெண்டாவை அனுப்பிவிட்டேன். என்னோடு ரயிலில் வருகிறவர்கள் ராத்திரிச் சாப்பாடு கட்ட வேண்டாம், அத்தை எல்லோருக்கும் சேர்த்து இட்லியும் மிளகாய்ப்பொடியும் தருகிறார்.