சுதாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள சுதா,

இங்கே எல்லாரும் நலம். சித்தி வீட்டு விவகாரம் ஒருவழியாக முடிந்தது, விவரம் நேரில். உனக்குப் பதவி உயர்வு வந்ததைத் தெரு முழுக்க அம்மா சொல்லியாயிற்று. எனக்கும் ரொம்பப் பெருமை. ஆனால் அதைக்கூட உன் தம்பி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வேண்டுமா?

போன வாரம் வீடியோவில் பேசினபோது கழுத்தில் ஹெட்செட் தொங்க, குழந்தையின் டிபன் பாக்ஸைத் தேய்த்துக்கொண்டே பேசினாய். ராத்திரி ஒன்பதரை மணி. மாப்பிள்ளை எங்கே என்றேன். "இருக்கார்ப்பா" என்றுவிட்டு அம்மாவின் முட்டிவலிக்குத் தாவிவிட்டாய். வேளாவேளைக்குச் சாப்பிடு.

கல்லூரியில் வருஷா வருஷம் நடத்தின பாடம்தான் இப்போது மனதில் ஓடுகிறது. ஹார்வர்டில் இருந்த சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ், ராபர்ட் பேல்ஸோடு சேர்ந்து 1955-இல் எழுதினது. தொழிற்சாலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தபிறகு குடும்பத்தின் பல வேலைகள் வெளியே போய்விட்டன, விட முடியாத வேலைகள் இரண்டுதான் என்றார். குழந்தையைச் சமூகத்தில் ஒரு ஆளாக வளர்ப்பது ஒன்று. பெரியவர்களின் மனம் உடைந்துபோகாமல் தாங்குவது இன்னொன்று.

மாணவர்கள் முதலாவதைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், இரண்டாவதை இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. வெளியே போய்ச் சம்பாதிப்பது கணவன், வீட்டில் மனதைத் தாங்குவது மனைவி என்று அன்றைய அமெரிக்க வீட்டைப் பார்த்து அவர் பிரித்துவைத்தார். சரி, அவளை யார் தாங்குவது? பெண்ணியவாதிகள் பிறகு அவரைப் பிடித்துக்கொண்டது இந்த இடத்தில்தான். உன் வீட்டில் சம்பாதிப்பதும் நீ, தாங்குவதும் நீ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் சொல்லிவிடு, நிம்மதியாக இருப்பேன்.

நாங்கள் தனிக்குடித்தனம், நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள் என்பாய். குஜராத்தில் மஹுவா என்ற ஊரை ஆராய்ந்து சமூகவியலாளர் ஐ. பி. தேசாய் 1964-இல் எழுதின புத்தகத்தை உனக்குப் படிக்கக் கொடுத்தேனே. வீடும் அடுப்பும் வேறானாலும் சொத்து, கடமை, நல்லது கெட்டது எல்லாவற்றிலும் பலர் ஒரே குடும்பமாக இருப்பதை அதில் காட்டியிருப்பார். நீ புனேயில் இருந்தாலும் நமக்கும் அதே கணக்குதான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கு.

மே மாதம் லீவு விட்டதும் குழந்தையோடு வந்துவிடு, டிக்கெட் நான் போடுகிறேன். அப்புறம், மாப்பிள்ளையிடம் நான் பேசட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல். இப்படி எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது, என் போனுக்கே கூப்பிடு.

அன்புடன்,
அப்பா