மணல்திட்டுகளில் முட்டை இருக்கும் மாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 28-இல் மேட்டூர் அணை மூடப்பட்டதும் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல்திட்டுகள் தலைகாட்டத் தொடங்கும். லாரிகளும் டிராக்டர்களும் ஆற்றுக்குள் இறங்குவதும் அப்போதுதான். அதே திட்டுகளை நம்பி முட்டையிடுகிறது சிறு பிராட்டின்கோல் என்னும் பறவை.

சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. 16 முதல் 19 செ.மீ. நீளம். கரைப்பறவை இனம்தான் என்றாலும் இரை பிடிப்பது தகைவிலான் குருவியைப் போல. நீண்ட சிறகும், குட்டை அலகுக்குப் பின்னால் அகலமாகத் திறக்கும் வாயும் இதற்குத் துணை. பொழுது சாயும்போது தண்ணீருக்கு மேலே கூட்டமாகச் சுழன்று, ஈசல், வண்டு, அந்துப்பூச்சிகளைப் பறந்தபடியே கவ்வும்.

கூடு என்று எதுவும் கட்டாது. மணலில் ஆழமில்லாத ஒரு குழி, அதில் பெரும்பாலும் இரண்டு மூன்று முட்டைகள். மணல் நிறத்தில் புள்ளி தெளித்திருப்பதால், டயர் ஏறிய பிறகும் ஓட்டுநருக்குத் தெரியாது.

வண்டி ஏறாமலே முட்டை கெடும் என்பது பலரும் அறியாதது. உச்சி வெயிலில் தாய்ப்பறவை உட்காருவது நிழல் தருவதற்காக. வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்தும் முட்டையைக் குளிர்விக்கும். ஆள் நெருங்கினால் எழுந்து போய்விடும். ஆள் நகராமல் நின்றால், சுடுமணலில் முட்டைக்குள்ளேயே கரு இறந்துவிடும். நல்ல படத்துக்காகக் கூட்டருகே காத்திருக்கும் புகைப்படக்காரர்கள் தயவுசெய்து இதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறகு ஒடிந்ததுபோல் ஒரு பறவை தரையில் புரண்டால், அடிபட்டிருக்கிறதென்று பிடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள். நாயை ஆற்றுக்குள் கூட்டி வராதீர்கள்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பறவை முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே கொள்கிறது. ஆகவே, குவாரிக்கு இடம் குறிக்கும் முன், பிப்ரவரி முதல் வாரம் தொடங்கி மே வரை இரு வாரத்துக்கு ஒருமுறை திட்டுகளைப் பார்வையிட வேண்டும். அதிகாலையில், கரையில் நின்று, தொலைநோக்கியில் பார்த்தாலே போதும். பறவைகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால் அந்தத் திட்டு முழுவதையும் விலக்கிவிட்டு, வண்டிப் பாதையைக் கரையோரமாக மாற்றலாம். தனித்தனிக் குழிக்கு அருகில் குச்சி நடக் கூடாது. காக்கைக்கு அதுவே அடையாளமாகிவிடும். திட்டின் விளிம்பில் மூங்கில் நட்டுக் கயிறு கட்டினால் போதுமானது.

முதல் முட்டைகள் அழிந்தால் இவை மறுபடியும் இடும். ஆனால் முட்டையிட்டுக் குஞ்சு பறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மே மாதத்தில் இட்ட முட்டைக்கு, வழக்கம்போல் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், அவகாசமே இராது. முதலில் இடும் முட்டைகளைக் காப்பாற்றுவதுதான் வழி. மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் வரும் பிப்ரவரியிலேயே இதைத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆற்றுப் பறவை ஆர்வலர்கள்,
திருச்சி