நட்சத்திரம் கோடாக விழுந்தால் குற்றம் மவுண்டில்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வானப் படமெடுப்பு பற்றிய உங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை, நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் இழுபட்டால் விலை கூடிய மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி, வானின் சுழற்சிக்கு ஈடாகத் திருப்பும் கருவி) வாங்கச் சொல்கிறது. அவசரப்பட வேண்டாம். கைடிங் (துணைக் கேமராவால் ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து, மவுண்டின் ஓட்டத்தை அவ்வப்போது திருத்துவது) பற்றிய கையேடுகள் பெரும்பாலும் 40, 50 பாகை அட்சரேகைக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர்ச் சிக்கல் வேறு.

மவுண்டின் சுழலும் அச்சை வான துருவத்தை நோக்கி வைக்க வேண்டும். அதற்கு அடையாளமான துருவ நட்சத்திரம் கன்னியாகுமரியில் சுமார் 8 பாகை, சென்னையில் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டுத் தென்னை போதும், மறைக்க. தெரிந்தாலும் காற்றுமண்டல ஒளிவிலகல் அதை 4 முதல் 6 கலை தூக்கிக் காட்டும் (60 கலை ஒரு பாகை, 60 விகலை ஒரு கலை). மவுண்டின் அச்சு 5 கலை விலகினால் நட்சத்திரம் வடக்கிலோ தெற்கிலோ நிமிடத்துக்கு 1.3 விகலை வரை நகரும். கைடிங் அதைச் சரிக்கட்டிவிடும். படத்தின் ஓரங்கள் சுழல்வதை அதனால் தடுக்க முடியாது.

அச்சைச் சரிசெய்ய உதவும் ஷார்ப்கேப் மென்பொருளுக்குத் துருவப் பகுதி கண்ணில் பட வேண்டும். வடக்கு மறைந்திருந்தால் நினா என்ற படமெடுப்பு மென்பொருளின் மூன்று புள்ளி முறையோ, பிஎச்டி2 என்ற கைடிங் மென்பொருளின் ட்ரிஃப்ட் (நட்சத்திர நகர்வைப் பார்த்து அச்சைத் திருத்தும்) முறையோதான் வழி. ட்ரிஃப்டில் முதலில் உச்சிவட்டத்தில் (வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் செல்லும் கோடு), வான நடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) அருகே ஒரு நட்சத்திரம்: திரையில் டெக் (வடக்கு-தெற்கு நகர்வு) கோடு சாய்ந்தால் மவுண்டின் பக்கவாட்டுத் திருகைத் திருப்புங்கள். பிறகு கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வான நட்சத்திரம்: அங்கே கோடு சாய்ந்தால் உயரத் திருகு.

காலிபரேஷனும் (மவுண்டை அசைத்து, நட்சத்திரம் எவ்வளவு நகர்கிறது என்று மென்பொருள் அளப்பது) வான நடுவரைக்கு அருகேதான். நமக்கு அது ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. நடுவரையிலிருந்து 60 பாகை தள்ளி இருக்கும் நட்சத்திரத்தில் செய்தால் ஆர்ஏ (கிழக்கு-மேற்கு) நகர்வு பாதியாகத்தான் தெரியும். கணக்கின் துல்லியம் கெடும். தொடங்குமுன் டெக்கை வடக்கே சற்று ஓட்டி, பல்சக்கர இடைவெளியை (பற்களுக்கு நடுவே உள்ள தளர்வை) எடுத்துவிடுங்கள்.

இனி, கைடிங் மென்பொருள் திரையில் காட்டும் நகர்வு வரைபடம். ஆர்ஏ கோடு நிதானமாக ஏறி இறங்கினால் அது வார்ம் கியரின் (மவுண்டைத் திருப்பும் புரிப் பல்சக்கரம்) வேலை. ஈக்யூ6 மவுண்டில் 180 பல், புரியின் ஒரு சுற்றுக்கு 479 விநாடி. ஹெச்ஈக்யூ5-இல் 135 பல், 638 விநாடி. இவ்வளவு மெதுவான பிழையைக் கைடிங் எளிதில் விழுங்கும். ரம்பப் பல் போல மாறி மாறித் துள்ளினால் அக்ரசிவ்னஸ் (பிழையில் எத்தனை சதவீதத்தை ஒரே முறையில் திருத்துவது என்ற அமைப்பு) அதிகம்; 70-லிருந்து 50-க்கு இறக்குங்கள். கைடு கேமராவின் எக்ஸ்போஷர் ஒரு விநாடிக்குக் கீழே போனால் மவுண்ட் காற்றின் நடுக்கத்தைத் துரத்தும்; 2 விநாடி நல்ல தொடக்கம். டெக் அசையாமல் கிடந்து திடீரெனத் தாவினால் பல்சக்கர இடைவெளி. அப்போது நகர்வு போகும் திசைக்கு எதிராக மட்டும் திருத்தச் சொன்னால் போதும். ஒற்றைக் கூர்முனை வந்தால் காற்று, அல்லது எங்கோ இழுபடும் கேபிள்.

பலரையும் ஏமாற்றுவது இதுதான்: வரைபடம் அழகாக இருக்கும், படம் மட்டும் கோடாக இருக்கும். ஒரு நிமிடப் படம் வட்டமாகவும் ஐந்து நிமிடப் படம் ஒரே திசையில் நீண்டும் இருந்தால், கைடு ஸ்கோப்பும் (கைடு கேமரா பொருத்திய சிறு தொலைநோக்கி) பிரதானத் தொலைநோக்கியும் தனித்தனியே வளைகின்றன. பிளாஸ்டிக் முனை கொண்ட திருகு வளையங்களைக் கழற்றிவிட்டு உறுதியான வளையங்களைப் போடுங்கள். குவியத் தூரம் 800 மி.மீ. தாண்டினால் ஆஃப்-ஆக்சிஸ் கைடர் (பிரதானத் தொலைநோக்கியின் ஒளியிலேயே ஒரு பகுதியைக் கைடு கேமராவுக்குத் தரும் கருவி) நல்லது. மூலைகளில் மட்டும் இழுபட்டால் கைடிங்கைத் திட்டாதீர்கள். ஃபிளாட்னருக்கும் (படத்தின் மூலைகளைச் சீராக்கும் லென்ஸ்) சென்சாருக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலானவை 55 மி.மீ. கேட்கும்.

நம் அட்சரேகைக்கே உரிய தொல்லை இன்னொன்று: அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால் தொலைநோக்கியைச் சமன்செய்யும் எதிர் எடை முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். இடித்தபின் ஆர்ஏ கோடு திரையை விட்டே ஓடிவிடும். மவுண்டின் தலைக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு சிறு நீட்டிப்புத் தூண் வைத்தால் இது வராது.

நள்ளிரவுக்குப் பின் கைடு நட்சத்திரம் மெல்ல மங்கித் தொலைந்தால், மென்பொருளைத் தொடுமுன் கைடு ஸ்கோப்பின் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். மார்கழியில் பெரும்பாலும் பனிதான் படிந்திருக்கும்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வலர்,
திருப்பத்தூர்.